செந்தூலில் குண்டு போட்டவரின் நினைவுகள்: நம் பிள்ளைகளுக்கு வேண்டுமா?

செந்தூல் மணி:
1945 பிப்ரவரி 19, மார்ச் 10. இந்த இரண்டு நாளும் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூர் மேல் வந்தன. முதல் தடவை குறி செந்தூல் ரயில்வே பட்டறை. அந்தப் படையில் பறந்த ஒரு விமானியின் நினைவுக் குறிப்பைப் படித்தேன். அவர்கள் கிளம்பிய இந்தியாவின் கரக்பூர் வெயில், வங்கக் கடல் மேல் மணிக்கணக்கான பயணம், சூடேறித் தீப்பிடிக்கும் எஞ்சின், கூட வந்த பத்துப் பேரைப் பற்றிய கவலை எல்லாம் விரிவாக இருக்கிறது. செந்தூலுக்கு ஒரே வரி: குறி தப்பவில்லையாம். அந்தக் கூரைக்கடியில் நின்றவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! இதை வீர வரலாறு என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

ஈப்போ ரோடு வாசு:
மணி அண்ணே, அந்தப் பட்டறை அப்போது யாருக்கு உழைத்தது? ஜப்பான்காரனுக்கு. ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்கு நம் தோட்டத்து ஜனங்களை அள்ளிக்கொண்டு போனது இதே தண்டவாளம்தான். என் தாத்தாவின் அண்ணன் போனவர் போனவர்தான். அந்த ரயிலை முடக்க வந்தவன்மேல் எனக்குக் கோபம் வராது.

செந்தூல் மணி:
சயாம் பாதை 1943 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, தம்பி. இங்கே குண்டு விழுந்தது 1945இல். சங்கு ஊதியதும் என் பாட்டி அடுப்பில் வெந்த மரவள்ளிக்கிழங்கை அப்படியே விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு கால்வாயில் இறங்கிக் குனிந்துகொண்டார். அந்தக் குழந்தைதான் என் பெரியப்பா. கடைசிவரை அவருக்கு ஒரு காது கேட்கவில்லை. மார்ச்சில் ரயில் நிலையத்தைக் குறிவைத்த குண்டு சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பக்கத்தை இடித்தது. 1963இல் அதே இடத்தில் தேசிய அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டடம் போன கதையை எழுதி வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் லயத்தில் செத்தவர்களின் பெயரை யார் எழுதினார்கள்?

பினாங்கு செல்வி:
எங்கள் ஊரில் 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பான் விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற சனம்தான் கொத்துக் கொத்தாகச் செத்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஸ்கார்ஃப் என்ற பிரிட்டிஷ் விமானி பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பினார். மற்ற விமானங்கள் தரையிலேயே நொறுங்கிப் போக, தனியாகத் தாய்லாந்தில் ஜப்பானியர் பிடித்திருந்த சிங்கோராவைத் தாக்கிவிட்டு, படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் இறக்கினார். கூட இருந்த இருவர் பிழைத்தார்கள், அவர் இறந்தார். விமானி எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள், மணி அண்ணே. அப்புறம், எந்த நாள், எது குறி, எங்கே தவறியது என்பது உங்களுக்கே பறந்தவர்கள் எழுதி வைத்ததால்தான் தெரிகிறது.

ஈப்போ ரோடு வாசு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். செந்தூலில் குண்டு போட்டவரும் இருபது சொச்சம் வயதுப் பையன், உத்தரவுக்குப் பறந்தவர்.

செந்தூல் மணி:
சரி, படிக்கட்டும். தடுக்கவில்லை. ஆனால் வீரம் என்ற தலைப்பில் வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் செந்தூல்காரர் ஒருவரின் வாக்குமூலமும் அச்சாக வேண்டும். அன்று பிள்ளையாய் இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறை ஒட்டிய வயது. வாசு, உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது பேசுவார்களா?

ஈப்போ ரோடு வாசு:
பெரியம்மா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஆனால் அவர் முதலில் சயாமைத்தான் பேசுவார், அதையும் எழுத வேண்டும்.