மறு: லேசர் 'லாக்': பூட்டலா, வழாநிலையா?

வணக்கம். இளங்கலை இயற்பியல் செய்முறைக் கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. 780 நானோமீட்டர் டையோடு லேசரை ருபீடியத்தின் உட்கவர் கோட்டில் (அது ஒளியை உறிஞ்சும் அதிர்வெண்ணில்) நிறுத்தும் சோதனை. லேசரைக் கட்டுப்படுத்தும் எஃப்பிஜிஏ (நிரலிடத்தக்க சில்லு) பலகையின் திரைக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் பாக்கி: லேசர் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் 'எரர் சிக்னல்', அதைக் கோட்டிலேயே பிடித்து நிறுத்தும் 'லாக்'. லேசர் மின்னோட்டத்தைச் சற்றே பண்பேற்றி, ஒளியுணரியின் சைகையை அதே அதிர்வெண்ணில் பண்பிறக்கினால், கோட்டின் உச்சியில் சுழியைக் கடக்கும் வளைவு கிடைக்கும். பலகை அதைப் பார்த்து பீசோவுக்கும் (மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணளவு நகரும் படிகம்) மின்னோட்டத்துக்கும் திருத்தம் அனுப்பும்.

---

பிழைச் சைகை, பூட்டல். முடிந்தது.

---

> முடிந்தது

முடியவில்லை ஐயா. 'பிழை' என்றால் மாணவர் தாம் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகப் பதறுவார். 'வழு' போதும், இலங்கைப் பாடநூல்களில் 'பூச்சிய வழு' உண்டே. வழு சுழியானால் வழாநிலை. மிஞ்சும் சிறு நடுக்கம் வழுவமைதி. இலக்கணம் மூன்றையும் எடுத்து வைத்திருக்க, திண்டுக்கல் பூட்டு எதற்கு?

---

பூட்டைத் திண்டுக்கல்லோடு நிறுத்தாதீர்கள். உண்–ஊட்டு, காண்–காட்டு, பூண்–பூட்டு. ஏர் பூட்டுகிறோம், நாண் பூட்டுகிறோம். விற்பூட்டுப் பொருள்கோளில் செய்யுளின் ஈற்றுச்சொல் முதற்சொல்லோடு போய்ச் சேரும். வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பும் பின்னூட்டமும் அதுதானே? (அதிர்வெண்ணா, இலங்கை வழக்கின் மீடிறனா என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்.)

---

விற்பூட்டு அச்சகத்துக்கு வேண்டாம். வழாநிலைக்கு என் தடை வேறு. ருபீடியம்-87இல் நமக்கு வேண்டிய கோட்டுக்கு 133 மெகாஹெர்ட்ஸ் கீழே ஒரு குறுக்குக் கோடு ('கிராஸ்ஓவர்', இரு கோடுகளுக்கு நடுவில் தோன்றும் போலிக் கோடு). பெரும்பாலும் அதுவே உயரமாக நிற்கும். அங்கே போய் நின்றாலும் வழு சுழிதான், இடம்தான் தவறு. அப்போது திரையில் 'வழாநிலை' என்று காட்டினால் பொய். 'பூட்டியது' என்றால் எங்கே என்று கேட்கலாம்.

கையேட்டில் இதையும் சேர்க்கவும்: லேசர் பாங்கு ('மோட்') மாறி அதிர்வெண் திடீரெனத் தாவினால், வழுவைத் தொடர்ந்து கூட்டிவரும் தொகையீட்டு உறுப்பு எல்லைவரை ஏறி அங்கேயே நின்றுவிடும். அதைச் சுழியாக்காமல் மறுபடி பூட்டினால் பிடிக்காது. சரிவின் குறி தலைகீழாக இருந்தால் பூட்டல் கோட்டைவிட்டு விலக்கித் தள்ளும்.

---

இன்னொன்று. பலகையின் 14 பிட் வெளியீட்டை 10 ஜிகாஹெர்ட்ஸுக்குப் பரப்பினால் ஒரு படி ஏறத்தாழ 0.6 மெகாஹெர்ட்ஸ். கோட்டின் இயல்பகலமே 6 மெகாஹெர்ட்ஸ்தான். மைய மின்னழுத்தத்தைத் தனியே கொடுத்து, பலகையின் வெளியீட்டை மின்தடைப் பகுப்பியால் குறைக்கச் சொல்லுங்கள்.

---

அந்த 0.6தான் வழுவமைதி!

---

பெரும்பான்மைப்படி 'வழுச் சைகை', 'பூட்டல்' என்று போடுகிறேன். 'மோட் ஹாப்' மறந்தே போனது. 'பாங்குத் தாவல்' என்று வைத்திருக்கிறேன். தடை இருந்தால் புதன் மாலைக்குள்.

---

தடை உண்டு. திரையில் 'தாவல்' என்றால் டேப் என்று அழுத்துவார்கள். பாங்குப் பெயர்ச்சி?

---

குருப்பெயர்ச்சி மாதிரியா? வேண்டாம். வழாநிலைக்கே என் வாக்கு, பதிவுக்காக.