உணவுக்குழாய் கேன்சர்: கட்டி இப்ப தெரியலன்றாங்க, ஆபரேஷன் உடனே பண்ணணுமா?

கேள்வி:
அப்பாவுக்கு 67 வயசு, ஸ்குவாமஸ் வகை (குழாயோட உள்தோல் செல்லுல வர்ற கேன்சர்). கீமோவும் ரேடியேஷனும் சேர்த்து அஞ்சு வாரம் முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு, எண்டோஸ்கோப்பி பண்ணி சதைத் துணுக்கு எடுத்துப் பாத்த பயாப்ஸில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆபரேஷன் தான் வழக்கம், ஆனா அடிக்கடி செக் பண்ணி திரும்ப வந்தா மட்டும் பண்றதும் ஒரு வழின்னு சர்ஜனே சொல்றார். தண்ணிகூட முழுங்க முடியாம இருந்த மனுஷன் இப்ப நல்லா சாப்பிடுறார், எதுக்குடா கத்தின்னு கேக்குறார். அம்மா எடுத்துடலாம்ங்கிறாங்க. எனக்கு ராத்திரில தூக்கமே இல்ல.

பதில் 1:
தம்பி, நெதர்லாந்துல சானோன்னு ஒரு ட்ரையல் நடத்தி 2025ல வெளியிட்டாங்க. 309 பேர், எல்லாருமே உங்கப்பா மாதிரி கீமோ ரேடியேஷன் முடிச்சு கேன்சர் தெரியாம இருந்தவங்க. ரெண்டு வருஷத்துல உயிரோட இருந்தவங்க கண்காணிப்புல 74 சதவீதம், உடனே ஆபரேஷன் பண்ணதுல 71, பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா கண்காணிப்புல இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு உணவுக்குழாய் பக்கமே கேன்சர் திரும்ப வந்துச்சு, அதையும் அப்பாகிட்ட மறைக்காம சொல்லுங்க. இன்னொண்ணு, அவங்க கீமோ ரேடியேஷன் முடிஞ்ச 12 வாரத்துல மறுபடி டெஸ்ட் பண்ணி, பெட் சிடியும் (உடம்புல கேன்சர் பரவியிருக்கான்னு பாக்குற ஸ்கேன்) எண்டோ அல்ட்ராசவுண்டும் (குழாய்க்குள்ள விட்டுப் பாக்குற ஸ்கேன்) பார்த்து, அப்புறம் தான் முடிவு பண்ணாங்க. ஆறு வாரத்து ரிப்போர்ட்ட மட்டும் நம்பி இருந்துடாதீங்க. பயாப்ஸிய ஒரே இடத்துல மேல மேல ரெண்டு தடவ ஆழமா எடுத்தாங்களான்னும் கேளுங்க, கேன்சர் மிச்சம் இருந்தா குழாயோட மேல்தோலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கலாம்.

பதில் 2:
என் வீட்டுக்காரருக்கு உடனே பண்ணிட்டோம். நாலு வருஷம் ஆச்சு, நல்லா இருக்கார், பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இரைப்பைய மேல இழுத்து குழாய் மாதிரி தச்சிருக்கறதால இன்னிக்கும் சின்னக் கிண்ணத்துல தான் சாப்பாடு, ஒரு நாளைக்கு ஆறு தடவ, மூணு தலகாணி வெச்சு சாஞ்சு தான் தூக்கம், மறந்து நேரா படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வந்துடும். உங்கப்பாவோட நுரையீரலும் இதயமும் அந்த ஆபரேஷனத் தாங்குமான்னு முதல்ல பாருங்க.

பதில் 3:
எங்கம்மா கண்காணிப்புல இருந்தாங்க. முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ செக்கப். ஒன்பதாவது மாசம், நல்லா தானே முழுங்குறேன், இந்த தடவ வேணாமேன்னாங்க, நான் விடல. அந்த பயாப்ஸில தான் திரும்ப வந்தது தெரிஞ்சுச்சு, பரவல, ஆபரேஷன் பண்ணிட்டாங்க. முழுங்க முடியுதுங்கறத வெச்சு முடிவு பண்ணாதீங்க சகோ. ஒரு செக்கப்பக்கூட விடாம அப்பா வருவாரா, கூட யார் போவீங்க, அத வீட்டுல பேசிட்டு அப்புறம் சர்ஜன்கிட்ட போங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பயாப்ஸி எப்படி எடுத்தாங்கன்னு கேக்கவே இல்ல, நாளைக்கு போன் பண்றேன். அக்கா, அந்த மூணு தலகாணி விஷயத்த அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் படிச்சுக் காட்டினேன். 12 வாரம் டெஸ்ட் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம்னு அம்மாவே சொன்னாங்க.