ஏற்காடு கிளப்பில் ஜாஸ் ஃப்யூஷன்: கடம் எங்கே போனது?

செவ்வாய்ப்பேட்டை ரசிகன்:
சனிக்கிழமை ராத்திரி ஏற்காட்டில் ஒரு கிளப்பில் நடந்த ஆல்பம் வெளியீட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தேன். கிட்டார், கீபோர்டு, பேஸ், டிரம்ஸ், கூடவே கடம் என்கிற மண்பானை வாத்தியம். எல்லாரும் நல்ல வித்வான்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடம் காதில் விழவில்லை. விரல் ஓடுவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. இரண்டாவது உருப்படி மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கைத் தாளம். தகிட தகதிமி என்று அருமையாக ஆரம்பித்தார்கள். பின் மேசையில் கேக் வெட்டி நாலு நாலாகக் கை தட்டினார்கள். இதைச் சேலத்தில் ஒரு நல்ல அரங்கத்தில் வைத்திருக்க வேண்டும். கிளப் இதற்கு இடமே இல்லை.

சேர்வராயன்:
நானும் இருந்தேன். ஒத்துக்கொள்ள முடியாதுங்க. ஜாஸ் வளர்ந்ததே கிளப்புகளில்தான். 1961-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்த பதிவைக் கேளுங்கள். கிளாஸ் சத்தமும் பேச்சும் அதிலேயே கேட்கும். வாசிப்பு கெட்டுப்போய்விட்டதா? அரங்கம் என்றால் பொன்னாடையும் வாழ்த்துரையும் முடியவே ஒரு மணி நேரம் ஆகும். இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கேட்டோம். கிட்டார் கம்பி அறுந்து மாற்றும்வரை கடமும் பேஸும் மட்டும் பேசிக்கொண்டனவே, அது எந்த அரங்கத்தில் கிடைக்கும்?

செவ்வாய்ப்பேட்டை ரசிகன்:
அண்ணா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். கடம் கேட்டது அப்போது மட்டும்தான், டிரம்ஸ் நின்றிருந்ததால். பில் எவன்ஸ் குழுவின் டிரம்மர் பால் மோஷியன் பல இடங்களில் பிரஷ்ஷால் வருடி வாசித்தவர். அதை இதோடு சேர்க்காதீர்கள். கிட்டார் வித்வான் ஜான் மெக்லாலினையே எடுத்துக்கொள்ளுங்கள். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற தன் ஜாஸ்-ராக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டாரோடு, பில்லி காப்ஹாம் டிரம்ஸோடு இடி மாதிரி வாசித்தவர், சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு உட்கார்ந்தபோது அகூஸ்டிக் கிட்டாரை எடுத்தார். டிரம் செட் கிடையாது, பேஸ் கிட்டாரும் கிடையாது. 1976-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் மேடையில் பதிவானதுதான். அதில் கடத்தின் ஒவ்வொரு சொல்லும், அதாவது ஒவ்வொரு தட்டும், தனியாக விழும்.

மைக்செட்காரன்:
சேலம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், கோயில் விழா என்று இந்த வேலைதான் செய்கிறேன். அந்த அறையைப் பார்த்திருக்கிறேன். தாழ்ந்த கூரை, சுற்றிலும் கண்ணாடி. டிரம்ஸோடு இருக்கிற உலோகத் தட்டு, அதான் சிம்பல், அதன் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி கடத்தின் மைக்கிலேயே வந்து விழும். கடத்தை ஏற்றினால் சிம்பலும் கூடவே ஏறும். இன்னும் ஏற்றினால் ஸ்பீக்கர் கத்தும். அவ்வளவு சின்ன இடத்தில் டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம். கடத்துக்கு ஒரு மைக் பத்தாது. பானையின் வாய் வித்வானின் வயிற்றை ஒட்டி இருக்கும், 'கும்' என்கிற ஒலி அங்கிருந்து வருகிறது. விரல் சொல்லெல்லாம் மேல்பக்கம். நடுவில் ஒரே மைக் வைத்தால் ரெண்டும் பாதிதான் கிடைக்கும். இரண்டு மைக் வைத்து, டிரம்மரை எதிர்மூலைக்குத் தள்ளி உட்கார வைத்திருந்தால் அதே கிளப்பில் கேட்டிருக்கும்.

அஸ்தம்பட்டி வாசி:
ஒலி இருக்கட்டும். கச்சேரி முடியவே பதினோரு மணி தாண்டிவிட்டது. பனியில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், பாதிப் பேர் பைக்கில் வந்த கல்லூரிப் பசங்க. நாலு மணிக்கு ஆரம்பித்தால் என்ன?

சேர்வராயன்:
நேரத்தை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள், முழு ஆதரவு தருகிறேன். ஆனால் இடத்தைக் கீழே கொண்டுபோகச் சொல்லாதீர்கள். கோடை விழாவை விட்டால் மலையில் எங்களுக்கு மேடை ஏது? இன்னொன்று, சினிமாப் பாட்டு வேண்டும் என்று ரெண்டு மேசையிலிருந்து கேட்டார்கள். குழு சிரித்தபடி மறுத்துவிட்டு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசித்தது. கிளப்காரரும் வற்புறுத்தவில்லை. அந்த மரியாதையைக் கணக்கில் எடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை ரசிகன்:
அதை மனதார ஒத்துக்கொள்கிறேன். மைக்செட் அண்ணன் சொன்னபடி செய்தால் கிளப் ஆனாலும் வருவேன். பேச்சு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாசிக்கும்போது அமைதியாக இருங்கள் என்று தொடக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. நேற்று அந்த ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டேன். மிஸ்ர சாபு உருப்படியில் கடம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. மேடையில் அதை இழந்துவிட்டோமே என்று அப்போதுதான் இன்னும் வலித்தது.