மில்காரர் தரும் நிதி: மரபணு ஆராய்ச்சிக்கா, பெற்றோர் பயிற்சிக்கா?

கோபி அக்கா (திரியைத் தொடங்கியவர்)

ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டத்துப் பெற்றோர் சேர்ந்து நடத்தும் நம் ஆட்டிசம் குழுவுக்கு ஒரு நூல் மில்காரர் நிதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பேத்திக்கும் ஆட்டிசம் உண்டு. பணத்தை ஒரே வேலைக்குத்தான் செலவழிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. குழுவில் இரண்டு பேச்சு ஓடுகிறது. மரபணு ஆராய்ச்சிக்காக நம் பக்கத்துக் குடும்பங்களிடம் ரத்த மாதிரி எடுக்க ஒரு ஆராய்ச்சிக் குழு கேட்கிறது, அதற்குக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். தாலுகா தாலுகாவாகப் பெற்றோர் பயிற்சி நடத்தலாம் என்கிறார்கள் மற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் இங்கேயே பேசிவிடலாம். மனசில் இருப்பதை எழுதுங்க.

திருப்பூர் அப்பா

என் ஓட்டு ஆராய்ச்சிக்கு. பையனுக்கு 14 வயது. பேச்சு வரவில்லை. வலிப்பும் இருக்கிறது. தாங்க முடியாமல் போனால் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்வான், கையைப் பிடித்தால் நம்மைக் கடிப்பான். ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் தினம் வந்தால் நீல விளக்குப் போடுகிறார்கள், மறுநாள் அவனவன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது என்பதற்கு விளக்கு பதில் சொல்லாது.

ஆராய்ச்சி என்ன கிழித்தது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாய்க்குப் பாசம் இல்லாததால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று அமெரிக்காவில் பெரிய பெரிய நிபுணர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. 1964ல் அதை எதிர்த்துப் புத்தகம் எழுதினார் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாதான். 1977ல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து, பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது என்று காட்டினார்கள். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், "டிவியைப் போட்டு விட்டுட்டு கம்பெனிக்குப் போனா, அதான் பையன் இப்படி" என்று என் வீட்டுக்காரம்மா காதுபடவே பேசுகிறார்கள். அவளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேறு என்னங்க இருக்கிறது? அந்த ஆராய்ச்சிதான் இருக்கிறது.

ரெட் சிண்ட்ரோமைப் பாருங்க, ஆட்டிசம் போன்ற அறிகுறிகளும் வருகிற ஒரு அரிய மரபணு நோய் அது. 1999ல் ஹூடா ஸோக்பியின் ஆய்வகம் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. 2023ல் அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. முழுசாகக் குணமாக்கும் மருந்து இல்லைதான், ஆனால் ஒரு தொடக்கம். யாராவது ரத்தம் கொடுக்காமல் அந்த மரபணு தெரிந்திருக்குமா?

பவானி டீச்சர்

அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் மருந்துக் கணக்கை முழுசாகப் பார்ப்போம். செக்ரெட்டின் என்ற ஹார்மோன் ஊசியைப் பற்றி 1998ல் ஊரே பேசியது, அடுத்த வருடமே முறையான பரிசோதனையில் பலன் இல்லை என்று தெரிந்தது. புமெட்டனைடு என்ற மருந்தின் பெரிய பரிசோதனை 2021ல் பலன் இல்லாமல் நின்றது. அதே வருடம் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை மூக்கு ஸ்ப்ரேயாக 290 பிள்ளைகளிடம் சோதித்தார்கள், மருந்து இல்லாத வெறும் ஸ்ப்ரே கொடுத்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை. அமெரிக்காவில் அனுமதி பெற்றவை ரிஸ்பெரிடோனும் (2006) அரிப்பிப்ரசோலும் (2009)தான். அவையும் எரிச்சல், ஆவேசத்தைக் குறைக்கத்தான், ஆட்டிசத்துக்கு இல்லை.

பெற்றோர் பயிற்சியும் ஆராய்ச்சியில் இருந்து வந்ததுதான், அதை மறந்துவிட வேண்டாம். பிரிட்டனில் 152 குழந்தைகளோடு பேக்ட் என்ற பெற்றோர் பயிற்சி முறையைச் சோதித்தார்கள். 2010ல் வந்த முதல் முடிவு சுமார்தான். ஆனால் சில வருடம் கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்தபோது அறிகுறிகள் குறைந்திருந்தன, 2016ல் அது வெளியானது. அதையே தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். நடத்தியவர்கள் ஸ்பெஷலிஸ்ட்டுகள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். குழந்தை தானாக அம்மாவிடம் தொடர்புகொள்வது கூடியது.

எப்படிச் செய்வது என்று கேட்டால், நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அந்தியூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பையன் கொட்டாங்குச்சியை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "இது என்ன சாமி, எத்தனை இருக்குது, இங்க பாரு" என்று விடாமல் கேட்டார். போனில் எடுத்த வீடியோவை அவருக்கே போட்டுக் காட்டினோம். நடுவில் ஒரு இடத்தில் பையன் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து அம்மா பக்கம் லேசாகத் தள்ளுகிறான். அடுத்த வாரம் அம்மா பேசாமல் காத்திருந்தார். அவன் தள்ளியதும் எடுத்து வரிசையில் வைத்தார். அவன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான், இன்னொன்றைத் தள்ளினான். இதற்குத் தேவைப்பட்டது ஒரு போனும், சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும். அந்த ஆள்தான் நம் தாலுகாக்களில் இல்லை. ஸ்பீச் தெரபிக்கு மலைக்கிராமத்தில் இருந்து பஸ் மாறி மாறிக் கோவை வர வேண்டியிருக்கிறது.

கோவை குமரன்

நான் ஆட்டிஸ்டிக். 27 வயதில்தான் டாக்டர் உறுதிசெய்தார். ஐ.டி.யில் வேலை.

எனக்கு ஆராய்ச்சி மேல் பகை இல்லை. ஆனால் ரத்தம் கொடுப்பதற்கு முன் சில விஷயம் கேட்கணும். மாதிரி எங்கே இருக்கும், யார் யாருக்குக் கொடுப்பார்கள், பிறகு வேண்டாம் என்றால் அழிப்பார்களா? கருவிலேயே கண்டுபிடித்துக் கலைக்க இது பயன்படாது என்று யார் உத்தரவாதம் தருவது? இதையெல்லாம் கேட்டுத்தான் 2021ல் பிரிட்டனில் ஆட்டிஸ்டிக் ஆட்கள் எதிர்த்தார்கள். 10,000 பேரிடம் டி.என்.ஏ. எடுக்கக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தொடங்கிய ஸ்பெக்ட்ரம் 10கே திட்டம் சில வாரத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அமெரிக்காவின் பெரிய ஆட்டிசம் அமைப்பான ஆட்டிசம் ஸ்பீக்ஸே 2016ல் தன் குறிக்கோளில் இருந்து 'குணப்படுத்துவது' என்பதை எடுத்துவிட்டது. 1993லேயே ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிஸ்டிக் ஆர்வலர் பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் அனுசரிக்காதீர்கள் என்றார்.

விசைத்தறிச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அழுத சின்னப் பையன் நான். எனக்குத் தேவைப்பட்டது மருந்து இல்லை, தறி ஓடாத ஒரு ரூம்.

திருப்பூர் அப்பா

தம்பி, நீங்கள் எழுதுகிறீர்கள், வேலைக்குப் போகிறீர்கள், சந்தோஷம். என் பையன் இங்கே வந்து எழுத முடியாது. அவனுக்காக நான்தான் பேச வேண்டும். அவனுக்கு ரூம் மட்டும் போதாது. வலிப்பு நிற்க வேண்டும், தூக்கம் வர வேண்டும், கன்னத்தில் அறைவது நிற்க வேண்டும். ஜிம் சின்க்ளேர் சொன்னது எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கோவை குமரன்

அண்ணா, உங்கள் பையனுக்கு வலிப்பும் தூக்கமும் முதலில் என்பதை நானும் முழு மனசோடு சொல்கிறேன். அதைப் பற்றி ஆராய்ச்சி என்றால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். இப்போது கேட்பது அதற்கா என்று மட்டும் பாருங்க.

பொள்ளாச்சி தோப்பு

இடையில் கேட்கிறேன், மன்னிக்கணும். ஸ்டெம் செல் போட்டால் பேச்சு வரும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். ஒன்றரை ஏக்கர் தோப்பை விற்றால் ஆகிவிடும். செய்யலாமா?

பவானி டீச்சர்

விற்காதீங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலில் ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்கான மாற்று சிகிச்சையைத் தவிர எதற்கும் ஸ்டெம் செல்லுக்கு அனுமதி கிடையாது. ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை, விளம்பரம் செய்வது மருத்துவ ஒழுக்கத்துக்கு விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமும் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது.

திருப்பூர் அப்பா

இதில் டீச்சர் சொல்வதுதான் சரி. டியூக் பல்கலைக்கழகத்தில் 180 பிள்ளைகளிடம், ஸ்டெம் செல் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து 2020ல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த முக்கியமான பலன் வரவில்லை. உண்மையான ஆராய்ச்சி என்றால் காசு வாங்காமல் பரிசோதனையாக நடத்துவார்கள். காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்க.

கோபி அக்கா

பொள்ளாச்சித் தம்பி, பையனுக்கு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தாச்சா? அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் வரை உண்டு, தெரபிக்கும் கிடைக்கும். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. பெற்றோர் டில்லி வரை போய்க் கேட்டுக் கேட்டுத்தான் 1999ல் நேஷனல் டிரஸ்ட் சட்டத்திலும், அப்புறம் 2016 சட்டத்தின் 21 குறைபாடுகளிலும் சேர்ந்தது. குரல் கொடுப்பது வெறும் விளக்கு இல்லை, திருப்பூர் அண்ணா. அதனால் என் ஓட்டு பயிற்சிக்கு. பயிற்சி பெறுகிற தாய்மாரே நாளைக்கு கலெக்டர் ஆபீஸில் தெரபிஸ்ட் கேட்டு மனுக் கொடுப்பார்கள்.

திருப்பூர் அப்பா

மனுக் கொடுப்பதில் நானும் வருகிறேன். ஆராய்ச்சிக் குழு தந்த ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் 11 பக்கம் இருக்கிறது. நாளைக்கு ஸ்கேன் செய்து இங்கே போடுகிறேன். குமரன் தம்பி அந்தக் கேள்விகளை வைத்துப் படித்துப் பாருங்க. தமிழில் தராமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், வலிப்பையும் தூக்கத்தையும் ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டும் என்று கேட்போம். சேர்க்க மாட்டேன் என்றால் அப்போது பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை என் கை மட்டும் ஆராய்ச்சிக்குத்தான் தூக்குவேன்.