ரிலீஸ் ஃபார்மில் வீட்டு முகவரி எதற்கு?

வெண்மேகம்:
ஸ்டாக் போட்டோக்களுக்கு, அதாவது யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்த எடுத்து வைக்கும் படங்களுக்கு, மாடலாக நிற்பவள் நான். போன வாரம் ஷூட் முடிந்ததும் போட்டோகிராபர், என் படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கும் மாடல் ரிலீஸ் ஃபார்மை நீட்டினார். எதை எங்கே எழுதுவது என்று கேட்டேன். "இதைப் பார்த்து எழுதுங்க" என்று, எனக்கு முன்னால் வந்த பெண் நிரப்பியதை எடுத்துக் கொடுத்தார். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, போன் நம்பர், கையெழுத்து, மூலையில் அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு படம். முன்பின் தெரியாத ஒருத்தியின் வீடு வரை எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து வந்தவர் என்னுடையதைப் பார்த்து எழுதியிருப்பார். முகத்தைத்தானே விற்கிறேன், முகவரியையுமா?

லென்ஸ்மூடி:
நானும் போட்டோகிராபர்தான். அவர் செய்தது தப்பு, சந்தேகமே இல்லை. அதற்காக ஃபார்மே வேண்டாம் என்று போய்விடாதீர்கள். 2013இல் நியூயார்க் மாநில மனித உரிமைப் பிரிவு, கெட்டி இமேஜஸ் என்ற படம் விற்கும் ஏஜென்சியிடம் வாங்கிய ஒரு பெண்ணின் படத்தை எச்ஐவி விளம்பரத்தில் போட்டது. அவருக்கு அந்தத் தொற்றே இல்லை. எழுத்தில் ரிலீஸும் கொடுத்திருக்கவில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. சம்மதம் இருந்ததா இல்லையா என்று சொல்ல இந்தத் தாளைத் தவிர வேறென்ன இருக்கிறது? பிறந்த தேதி வயதைக் காட்ட. 18 ஆகவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். முகவரி, பின்னால் ஆளைத் தேட.

வெண்மேகம்:
ஃபார்ம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? தேடுவதென்றால் என்னை வரவழைத்த போட்டோகிராபரிடம் நம்பர் இருக்கிறதே. போட்டோகிராபர்கள் நீங்கள் ஒரே படத்தை நான்கு ஏஜென்சிகளில் ஏற்றுகிறீர்கள், கூடவே என் முகவரியும் நான்கு இடத்துக்குப் போகிறது.

பழையஃபிலிம்:
ஒரு ஏஜென்சியில் ரிலீஸ் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன் நான். பெயர் படிக்கிற மாதிரி இருக்கிறதா, ஷூட் தேதி பொருந்துகிறதா, சாட்சிக் கையெழுத்தைப் போட்டோகிராபரே போட்டுக்கொண்டாரா (நிறைய பேர் போடுவார்கள்!) என்று பார்ப்போம். முகவரிக் கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவோம். ஆனால் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போனதாக எனக்கு நினைவில்லை. படம் வாங்குபவருக்கும் நாங்கள் ஃபார்மைக் கொடுத்ததில்லை. "ரிலீஸ் உண்டு" என்ற குறிப்பு மட்டும்தான்.

லென்ஸ்மூடி:
கடிதம் போகாததால் தேவையில்லை என்று ஆகிவிடுமா சார்? ஒரு படம் இருபது வருடம் விற்கும். அதற்குள் போட்டோகிராபர் போய்ச் சேர்ந்துவிட்டால்?

வெண்மேகம்:
இருபது வருடம் நான் ஒரே வீட்டில் இருப்பேனா? முதல் ஃபார்மில் எழுதிய வீட்டைக் காலி செய்து, நடுவில் மூன்று வீடு மாறிவிட்டேன். தேடி வருபவருக்கு அது உதவாது. தொல்லை கொடுக்க நினைப்பவருக்கு நேற்று எழுதியதே போதும். ஐரோப்பாவில் 2018 மே முதல் நடப்பில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தகவல் வாங்கக் கூடாது என்கிறது.

லென்ஸ்மூடி:
அதே சட்டம்தான், வழக்குக்குத் தேவையானதை அழிக்கச் சொன்னாலும் வைத்திருக்கலாம் என்கிறது.

பழையஃபிலிம்:
கையெழுத்தும் பிறந்த தேதியும் வழக்குக்குத் தேவை, சரி. போன் நம்பர் எந்த வழக்கை ஜெயிக்கும்? ஏஜென்சியை விடுங்கள் தம்பி, அங்கே பூட்டாவது இருக்கும். உங்கள் போனைத் திறந்து பாருங்கள்.

லென்ஸ்மூடி:
பார்த்தேன். கேலரியில் 31 ஃபார்ம், பையனின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே. எல்லாம் தானாகவே கிளவுடுக்கும் போயிருக்கிறது. வீட்டில் எல்லோர் கையிலும் புழங்குகிற போன் வேறு. இன்றைக்கே எடுத்து, பாஸ்வேர்ட் போட்ட ஒரு டிரைவுக்கு மாற்றுகிறேன். ஆனாலும் முகவரிக் கட்டம் வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை.

வெண்மேகம்:
அந்தக் கட்டத்தில் மெயில் ஐடி மட்டும் எழுதினால் வாங்கிக்கொள்வீர்களா?

லென்ஸ்மூடி:
நான் வாங்கிக்கொள்வேன். ஏஜென்சி திருப்பி அனுப்பினால் உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்.

வெண்மேகம்:
எந்த நம்பருக்கு?