இணைய விளம்பரம் 1994-ல பொறந்துச்சாம்!

மஞ்சமண்டி (ஈரோடு):
நேத்து கோயமுத்தூர்ல ஒரு கூட்டத்துக்குப் போனனுங்க. கம்ப்யூட்டர் முன்னோடின்னு ஒருத்தர மேடையேத்துனாங்க. இனி விளம்பரத்த மெஷினே எழுதும், ஆளுக்கொரு விளம்பரம் போகும்னார். செரி, போகட்டும். "இணையத்துல விளம்பரம் பொறந்ததே 1994-ல"ன்னு ஒரு போடு போட்டார் பாருங்க, வவுறு எரிஞ்சுருச்சு. 1978 மே 3-லயே டெக் (DEC)ங்கற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனியோட கேரி துர்க், இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் வலைல 400 பேருத்துக்குக் கிட்ட விளம்பர மெயில் உட்டாச்சு. முன்னோடிக்கு முன்னாடி நடந்தது தெரியல!

பனியன்காரன் (திருப்பூர்):
அவர் சொன்னது செரிதானுங்ணா. 1994 அக்டோபர் 27, ஹாட்வயர்டுங்கற இணையதளத்துல ஏடி அண்ட் டி போன் கம்பெனியோட பேனர் விளம்பரம். நூத்துக்கு 44 பேர் அமுக்குனாங்கம்பாங்க. இன்னைக்கு நான் காசு கட்டிப் போடற விளம்பரத்த ஒருத்தன் அமுக்குனாப் பெருசு. அதப் பேசுங்க.

மஞ்சமண்டி:
44-ஓ 84-ஓ, எனக்கெதுக்கு? 1978 முந்தியா, 1994 முந்தியா?

பனியன்காரன்:
மெயில் விளம்பரம்னா உங்கூட்டுக் கல்யாணப் பத்திரிகையும் விளம்பரந்தான்.

மஞ்சமண்டி:
பத்திரிகைல நான் கம்ப்யூட்டர் விக்கலீங்க தம்பி. அந்தாளு கலிஃபோர்னியாவுக்கு வந்து எங்க புது மெஷினப் பாருங்கன்னு கூப்புட்டாரு. முகவரி எச்சாகி, இடம் பத்தாம மெயிலுக்குள்ளயே வழிஞ்சுது. வாங்குனவங்க கண்டமேனிக்குத் திட்டுனாங்க. விளம்பரம் இல்லீன்னா எதுக்குத் திட்டறாங்க?

சிறுவாணித்தண்ணி (கோவை):
எங்கூருக்கு வந்து ஓசி டீ குடிச்சுட்டு எங்க மேடையவே குத்தம் சொல்றதா? முன்னோடின்னா சாமிக்கண்ணு வின்சென்ட்டுங்க. ரயில்வே உத்தியோகத்துல இருந்தவரு, 1905-ல பிரெஞ்சுக்காரர் டுபாண்ட்டுகிட்ட படக்கருவி வாங்கி, ஊரூராக் கொட்டாய் போட்டுப் படங்காட்டுனவரு. 1914-ல வெரைட்டி ஹால். தென்னிந்தியாவுலயே மொதல் தியேட்டர்!

மஞ்சமண்டி:
அதும் தப்புங்க. மெட்ராஸ் எலக்ட்ரிக் தியேட்டர் 1913. மவுண்ட் ரோட்டுல தபால்தலை ஆபீசா இன்னும் நிக்குது, போய்ப் பாருங்க.

சிறுவாணித்தண்ணி:
அது வெள்ளைக்காரன் கட்டுனது. நான் சொன்னது நம்மாளு கட்டுனது.

மஞ்சமண்டி:
"நம்மாளு" இப்பத்தான் முளைக்குது. மேல நீங்க எழுதுனதுல எங்கிருக்குது?

பனியன்காரன்:
இதே அண்ணன்தான் தை மாசம் மஞ்சள் வெல ஏறும், மூட்டைய உடாதீங்கன்னு எங்க மாமனுக்கு ரோசனை சொன்னாரு. இன்னும் குடோன்லயே கெடக்குது.

மஞ்சமண்டி:
மஞ்சளுக்கும் மெயிலுக்கும் என்னங்க சம்பந்தம்? பதில் இல்லீன்னா மாமனக் கூட்டியாந்தர்றது. 1978, அவ்வளவுதான்.

தேங்காத்தொட்டி (பொள்ளாச்சி):
ஏனுங்க, பேப்பர் ஏஜென்சி வெச்சுப் பொழைக்கறனுங்க. பேப்பர் பத்தி அவரு என்னங்க சொன்னாரு?

மஞ்சமண்டி:
அதையெல்லாம் கேக்கலீங்க. 1994-ன்னு சொன்னதுமே எந்திரிச்சு வந்துட்டேன்.

சிறுவாணித்தண்ணி:
டீ குடிச்சுட்டா, குடிக்காமயா?

பனியன்காரன்:
அண்ணா, அந்த மெயில இப்பத்தான் தேடிப் பாத்தேன். தேதி மே 1-ன்னு போட்டிருக்குது. மே 3-ன்னீங்க?

மஞ்சமண்டி:
எழுதுனது 1, போய்ச் சேந்தது 3. மெயிலோட தலைப்பகுதிய முழுசாப் படிங்க தம்பி.

பனியன்காரன்:
அப்ப விளம்பரம் பொறந்தது 1-ஆ, 3-ஆ?

மஞ்சமண்டி:
3. புதன்கெழமை.