பதில்: இறுதி மரியாதையில் சுடுவதற்குக் ‘குண்டு’ வேண்டாம், ‘வேட்டு’ இருக்கிறது

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் சொல்லாக்கக் குழு தொகுத்துவரும் ராணுவ இறுதி மரியாதைச் சொற்களின் வரைவுப் பட்டியலைப் பார்த்தேன். ‘குண்டு முழக்க மரியாதை’ என்று போட்டு, செய்தித்தாள் வழக்கு, எல்லோருக்கும் புரியும் என்று அதைத் தொகுத்த ஐயா பக்கத்தில் குறித்திருக்கிறார்கள். புரியத்தான் செய்யும். ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில், அங்கே குண்டே கிடையாது. துப்பாக்கியில் போடுவது ஈயமுனை இல்லாத வெற்றுத் தோட்டா, மருந்து மட்டும் வெடிக்கும், சத்தமும் புகையும் வரும், குழாயை விட்டு எதுவும் பறந்து போகாது. அப்படியிருக்க ‘குண்டுகள் முழங்க’ என்று எழுதினால் படிக்கிற பிள்ளை உண்மையான குண்டு என்றுதானே நினைக்கும்.

அடுத்தது இதைவிடப் பெரிய சிக்கல். ‘21 குண்டுகள் முழங்க’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு வேறு சடங்குகளை நாம் போட்டுக் குழப்புகிறோம். ஒன்று பீரங்கிகள் வரிசையாக நின்று 21 முறை முழங்குவது. அது துக்கத்துக்கு மட்டும் உரியதல்ல, குடியரசு நாளில் ஏழு பீரங்கிகள் மும்மூன்று முறை வெடிக்கின்றனவே, அதே மரியாதைதான். துறைமுகத்துக்குள் வரும் கப்பல் தன் பீரங்கிகளையெல்லாம் கடலைப் பார்த்து வெடித்துக் காலி செய்து, சண்டைக்கு வரவில்லை என்று காட்டியதிலிருந்து அது வந்தது என்பார்கள். பிறகு அது பதவிக்கு ஏற்ற எண்ணிக்கையாக மாறியது. வெள்ளைக்காரன் காலத்தில் சமஸ்தான மன்னர்களில் மைசூருக்கும் ஐதராபாத்துக்கும் 21, திருவிதாங்கூருக்கு 19, புதுக்கோட்டைக்கு 17. எங்கள் ராமநாதபுரம் சேதுபதி சீமை ஜமீனாகிவிட்டதால் அந்த வரிசையிலேயே இல்லை.

மற்றொன்று, அடக்கத்தின்போதோ சிதை மூட்டும்போதோ ஒரு சிறிய அணி துப்பாக்கியை வானத்தைப் பார்த்து உயர்த்தி மூன்று முறை சுடுவது. இதில் எண்ணிக்கை பதவியைச் சொல்வதில்லை, மூன்று முறை என்பதுதான் விதி. சுடுகிறவர்கள் எத்தனை பேரோ அதை மூன்றால் பெருக்கிப் பத்திரிகைக்காரர்கள் ஓர் எண் சொல்கிறார்கள். 2020இல் எஸ்.பி.பி.க்கும் 2023இல் விஜயகாந்துக்கும் ‘72 குண்டுகள்’ என்று வந்ததே, அது 24 காவலர்கள் மும்முறை சுட்டது. இதை அறியாதவர்கள் 72 பெரியதா 21 பெரியதா என்று ஒப்பிட்டு, யாருக்கு மரியாதை கூட, யாருக்குக் குறைவு என்று சண்டை போடுகிறார்கள். இறந்தவர் விஷயத்தில் இப்படி ஒரு சண்டை வரவே கூடாது. சொல்லைச் சரியாக வைத்தாலே பாதி நின்றுவிடும்.

சரி, என்ன சொல் வைக்கலாம்? ‘வேட்டு’ என்கிறேன். எங்கள் ராமநாதபுரம் பக்கம் குலசாமி கோயில் கும்பிடு என்றால் அதிர்வேட்டு, வயசாளி இறந்தால் வேட்டுப் போட்டுத்தான் தூக்குவார்கள். எதுவும் பாயாமல் சத்தம் மட்டும் எழுவதற்கு நம்மிடம் இருக்கிற சொல் இது, நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொது. இன்னொரு பலமும் உண்டு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழில் ‘மரியாதை வேட்டுகள் தீர்க்கப்பட்டன’ என்று வெகு இயல்பாக எழுதுகிறார்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்கள் கரைக்காரர்களுக்குக் காதில் பழகிய தொடர்தான். ஏற்கெனவே ஓடுகிற தமிழ்ச்சொல் ஒன்று இருபது முப்பது கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கும்போது நாம் புதிதாக ஒன்றைச் செய்ய உட்காருவானேன்?

வரக்கூடிய மறுப்புகளையும் நானே சொல்லிவிடுகிறேன். ‘வெத்துவேட்டு’ என்பது வசை. ஆகவே வெற்றுத் தோட்டா என்பதை ‘வெற்று வேட்டு’ என்று சுருக்கிவிடக் கூடாது, தோட்டா தோட்டாவாகவே இருக்கட்டும். ‘வேட்டு வைத்தான்’ என்றால் கெடுத்தான் என்று பொருள். ஆகவே வினை ‘தீர்த்தல்’ அல்லது ‘முழங்குதல்’ என்று வரட்டும், ‘வைத்தல்’ கூடாது. தங்கை ஒருவர் ‘மூவேட்டு’ என்று அழகாகச் சுருக்கியிருந்தார், எனக்கும் முதலில் பிடித்தது, ஆனால் மூ ஏட்டு என்று பிரித்து ஓலைச்சுவடியை நினைக்க இடமிருக்கிறது. ‘மும்முறை வேட்டு’ என்று விரித்தே வைப்போம். பீரங்கிக்கு ‘பீரங்கி வேட்டு’. அப்போது ‘21 பீரங்கி வேட்டு’, ‘மும்முறை வேட்டு’ இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது.

துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, குழாய் வாய் தரையைப் பார்க்க, அடிக்கட்டையின் மேல் கையை வைத்துத் தலைகுனிந்து நிற்பது அடுத்த சொல். படையில் இருந்து வந்தவர்கள் ‘ஷோக் ஷஸ்த்ர’ என்று இந்திக் கட்டளையையே சொல்வார்கள். பட்டியலில் இருக்கும் ‘ஆயுதம் தாழ்த்தல்’ சரியில்லை, சரணடைந்தது போல ஒலிக்கிறது. ‘படைக்கலம் கவிழ்த்தல்’ என்று வைக்கலாம். கடற்கரையில் கவிழ்தல் என்றாலே படகு நினைவு வரும், கெட்ட சொல் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தயங்கினார். தலை கவிழ்தல் என்பது துக்கத்துக்கே உரிய சொல்லாயிற்றே, தலையும் ஆயுதமும் சேர்ந்து கவிழும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஆங்கிலத்து ‘லாஸ்ட் போஸ்ட்’டுக்கு ‘இறுதி அஞ்சல்’ என்று இருப்பதை உடனே எடுத்துவிடுங்கள். பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பில் ஊதும் அந்த இசைக்கும் தபாலுக்கும் தொடர்பில்லை. பாசறையில் இரவு காவல்நிலைகளைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், கடைசி நிலையும் பார்த்தாயிற்று என்று ஊதியது அது. ‘இறுதிக்காவல் ஊதல்’ எனலாம். பியூகிள் அப்படியே இருக்கட்டும், எக்காளம் என்றால் வெற்றிக்களிப்பு வந்துவிடும்.

இந்தச் சொற்களில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்த அப்துல் கலாம் ஐயாவை டெல்லி, மதுரை, மண்டபம் வழியாகப் பாம்பன் கடந்து ராமேசுவரத்துக்குக் கொண்டுவந்து, 30ஆம் தேதி பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை முடித்துப் பேய்க்கரும்பில் நல்லடக்கம் செய்தார்கள். பிரதமரும் முதலமைச்சர்களும் நின்றார்கள், முப்படையினரும் மரியாதை செய்தார்கள், தீவு கொள்ளாத கூட்டம். ஒரு முன்னாள் குடியரசுத் தலைவருக்கு உரிய முழு மரியாதையும் மீன் காயும் எங்கள் மணலில் நடந்தது. அதைத் தமிழில் எழுதிவைக்கச் சரியான சொற்கள் இல்லை என்ற நிலை இருக்கக் கூடாது.

அந்த அடக்கத்திலிருந்தே இன்னொரு சொல்லும் வருகிறது. தேசியக் கொடியைப் போர்த்துவது எதன் மேல்? கொடி விதிப்படி காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும், குழிக்குள் கொடியை இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. பட்டியலில் ‘பாடை’ என்று மட்டும் இருக்கிறது. எங்கள் தீவில் பாடையும் உண்டு, முஸ்லிம்கள் தூக்கிச் செல்லும் சந்தூக்கும் உண்டு, தங்கச்சிமடத்துக் கிறித்தவர்களுக்குப் பெட்டியும் உண்டு. மூன்றுக்கும் பொதுவாகப் ‘பேழை’ போடுங்கள், பொதுமக்களும் சந்தனப்பேழை என்று சொல்லிப் பழகியாயிற்று.

‘அரசு மரியாதை’, ‘ராணுவ மரியாதை’ இரண்டையும் தனித்தனிப் பதிவாக வையுங்கள். 2023 முதல் தமிழ்நாட்டில் உறுப்புதானம் செய்தவர்களுக்கும் அரசு மரியாதை உண்டு, அமைச்சரோ ஆட்சியரோ போய் மலர்வளையம் வைக்கிறார்கள். ஒன்றை மற்றொன்றின் பொருளாகக் கொடுத்தால் இது விளங்காமல் போகும். ‘அரைக்கம்பம்’ நன்றாகவே நிலைத்துவிட்டது, கொடியை முதலில் உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் பாதிக்கு இறக்க வேண்டும் என்பதை மட்டும் விளக்கத்தில் சேருங்கள்.

‘பீரங்கி வண்டி’தான் எனக்கு இன்னும் தீரவில்லை. பேழையை ஏற்றி இழுத்துச் செல்லும் சக்கர வண்டி அது, ஆனால் நம் வாசகர்களில் பாதிப் பேர் போர்க்களத்து டாங்கியை நினைக்கிறார்கள். ‘பீரங்கி இழுவண்டி’ என்றால் பொருள் தெளிகிறது, நாவில் இன்னும் உட்காரவில்லை. குழுவில் பீரங்கிப் படையில் இருந்த அண்ணன்மார் யாராவது, உங்கள் படைப்பிரிவில் தமிழ் ஆட்கள் தங்களுக்குள் அதை என்ன சொல்லி அழைப்பார்கள் என்று எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.